ஏதோ கெடக்குதுங்க

எங்கள் ஊரில் விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். களம் நிறைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயும். கேட்டால், "என்னாத்த வெளைஞ்சிச்சி, ஏதோ கெடக்குது" என்போம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. நான் விழுப்புரத்தில் டீச்சர். பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். என்ன நடத்தி என்ன, இந்த வாய் மட்டும் மாறவில்லை.

பெருமுக்கல் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போவதாகப் பேச்சு. தம்பி பயிர் வைக்கும் எங்கள் நிலமும் அதில் வருகிறதாம். சும்மா கிடக்கும் நிலத்தைத்தான் முதலில் எடுப்பார்கள் என்றார்கள். லீவுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். தம்பி அன்றைக்கு மனைவியை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தான். மல்லாட்டை பிடுங்கி முடித்து நிலம் வெறுமையாகக் கிடந்தது. வீட்டு வாசலில் ஜீப்பில் வந்து இறங்கிய நில எடுப்பு அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"நெலத்துல என்னம்மா வருது?"

"என்னாத்தங்க வருது, ஏதோ சும்மா கெடக்குதுங்க" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் வீடு முழுக்க மல்லாட்டை மூட்டை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கண் படாமல் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

அப்புறம் திண்டிவனத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். தம்பி மைக்கைப் பிடித்தான்.

"எங்க நெலம் நல்லா வெளையுதுங்க. அத வச்சித்தாங்க பொழைச்சிக்கினு இருக்கோம்."

அவன் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

"சும்மா கெடக்குதுன்னு உங்க வீட்லயே சொன்னாங்களேப்பா" என்றார் அதே அதிகாரி.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். கூனிக் குறுகிப் போனேன். எழுந்து, நான் சொன்னது வெறும் பேச்சுங்க என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் வெட்கமாக இருந்தது. தவளையாவது தன் வாயால் தான் மட்டும்தான் கெடும்.

பஸ் ஸ்டாண்டு வரை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எப்போதும்போல ஒரு பை மல்லாட்டையை என் மடியில் வைத்து, "பாத்துப் போக்கா" என்றான்.

பக்கத்து சீட்டுப் பெண் பையை எட்டிப் பார்த்தாள். "இந்த வருசம் நல்ல வெளைச்சலாக்கா?"

"என்னாத்த..." என்று ஆரம்பித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதேன்.