பெண் ஓட்டிய வாகனம்

விளம்பரத்தை எழுதியது என் அண்ணன். "பெண் ஓட்டிய வாகனம், வீட்டுப் பாவனை மட்டும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. இங்கே பழைய கார் விற்கிற பலரும் அந்த வரியைச் சேர்ப்பார்கள். பெண் ஓட்டினால் வண்டியை அடித்து ஓட்டியிருக்கமாட்டாள் என்று வாங்குகிறவர்கள் நம்புவதால் அதற்கென்று ஒரு விலை உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பெண் நான்தான். போடுமுன் அண்ணன் வாசித்துக் காட்டியபோது தலையாட்டியிருந்தேன். என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. ஆனால் அந்தக் காரின் சாரதி இருக்கையில் நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

அது தாழ்வான, சிவப்பு நிற ஜப்பான் கார், டர்போ பூட்டியது. மாத்தளை நகரில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் அண்ணன், அதன் சத்தத்தில் மயங்கி வாங்கினான். அவனுக்கு விற்றவரின் விளம்பரத்திலும் இதே வரி இருந்தது. முதல் மழைக்காலத்திலேயே குலுக்கம் தாங்கும் முன்பக்க ஷொக் இரண்டும் போயின. பிறகு டர்போ, ஓயிலைக் குடிக்கத் தொடங்கியது. அதைச் செய்து முடித்த கையோடு கியர் பெட்டி. குளிர்ந்திருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. ஏற்றத்தில் சற்று நேரம் ஓடிச் சூடானால், கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் கார் குதிக்கும். சில வேளைகளில் கியர் விழாமல் இன்ஜின் மட்டும் கத்தும். பிரித்துச் செய்ய ஏழு இலட்சம் என்றார் கராஜ்காரர். பாவித்த பழைய பெட்டி கொழும்பில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஆனால் அது எத்தனை நாள் ஓடும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். விற்றால் அண்ணன் தப்புவான். இல்லையென்றால் கார் அவன் கடையையும் விழுங்கிவிடும்.

கலேவெலவிலிருந்து ஒரு வெங்காய வியாபாரியும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தைய நாளிலிருந்தே அண்ணன் காரை அசைக்காமல் பலா மர நிழலில் விட்டிருந்தான். சாவியை என்னிடம் தந்தான்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். இதக் கையில வச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

நின்றேன்.

வியாபாரி இன்ஜினை மூடியிருந்த பொனற்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "முன்கூட்டி சூடாக்கி வெக்கல்ல. நேர்மையான ஆளுங்க," என்று மனைவியிடம் சொன்னார். பழைய இன்ஜினின் இரைச்சலை மறைப்பதற்காகச் சிலர் சூடாக்கி வைப்பார்கள். எங்கள் காரில் மறைக்க வேண்டியது சூட்டில்தான் வெளிவரும்.

அண்ணன் என்னிடமிருந்து சாவியை வாங்கி, அவர்களைத் தம்புள்ள வீதியில், ஏற்றமில்லாத ஒரு துண்டில், ஏற்றிப்போய்த் திரும்பினான். வியாபாரி சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"மாப்புள வண்டி மாதிரி ஈக்கி." மாப்பிள்ளை ஊர்வல வண்டிபோல் இருக்கிறதாம்.

"ஒங்களுக்கு இனி மாப்புளயாகிற வயசா?" என்றார் மனைவி.

பிறகு மனைவி சாரதி இருக்கைக்கு மாறி, அதை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க தங்கச்சி. இவர் லொறியோட போனா எப்ப வருவார்னு தெரியாது. எங்க உம்மாவக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறது நான்தான். நீங்கதானே இத ஓட்டுறது? கண்டி ஏத்தத்துல எப்படி ஈக்கி? உள்ளதச் செல்லுங்க."

நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும். அந்தச் சொற்கள் வாய்வரை வந்திருந்தன. அண்ணன் என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இத ஓட்டினதே இல்லக்கா. சூடானா ஏத்தத்துல கியர் உதைக்கும். சில நேரம் விழவே விழாது."

அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"சரி தம்பி, நாங்க யோசிச்சுப் பொறகு செல்றோம்," என்றார் வியாபாரி. அவர்கள் கோபப்படவில்லை. அம்மா கொண்டுவந்த தேநீரை முழுவதுமாகக் குடித்தார்கள். வெங்காய விலையைப் பற்றிப் பேசினார்கள். புறப்படும்போது அந்தப் பெண் சாவியை என் கையில் வைத்து, "நல்ல புள்ள," என்றார். அவர்கள் வந்தபோதும் அதே சாவியுடன்தான் நான் அங்கே நின்றிருந்தேன்.

அவர்கள் போன பிறகு அண்ணன் கேட்டான்: "இதச் சொல்றதுக்கா அன்னைக்குத் தலையாட்டின? முடியாதுன்னு அப்பவே சொல்லியிருந்தா அந்த வரிய நான் போட்டே இருக்கமாட்டேனே."

பேசாமலிருப்பதை நல்ல குணம் என்றே நான் நினைத்துவந்திருந்தேன்.

சிறிது நேரம் கழித்துத் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். "நீயே எழுது. உனக்குத்தான் எல்லாம் சரியாத் தெரியுதே." அதில் கிண்டல் பாதிதான். குறைகளை ஒன்றும் விடாமல் எழுதினேன். இரண்டு முறை வாசித்தான். ஓர் எழுத்தையும் மாற்றாமல், கீழே என் தொலைபேசி இலக்கத்தைச் சேர்த்துப் போட்டுவிட்டான்.

இப்போது அண்ணன் கடைக்குப் பஸ்ஸில் போகிறான். காரின்மேல் பலா இலைகள் விழுந்து கிடக்கின்றன. எப்போதாவது யாராவது எனக்கு அழைத்து, கியர் பெட்டியைப் பற்றி விசாரித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாக வைத்துவிடுகிறார்கள். மாலையில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "யாரும் பேசினாங்களா?" என்று கேட்கிறான். பெரும்பாலான நாட்களில் இல்லை என்கிறேன். அவன் நிமிர்வதில்லை.