முடியாது என்று சொல்லாதவர்

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. அந்த வார்த்தை தெரியாமல் இல்லை. வீட்டுப் பெண்களிடமும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவர்களிடமும் நாள் முழுக்கச் சொல்கிறவர்கள்தான். ஆனால் ஒன்று கேட்டு வந்தவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து உட்கார வைத்துவிட்டால் அப்புறம் அந்த வார்த்தை வாயில் வராது. "அதுக்கென்ன, பாப்போம்" என்பார்கள். கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப வாரேன்" என்று வெளியே வந்து, செருப்பை மாட்டும்போதே முடிவைப் புரிந்துகொண்டுவிட வேண்டும். புரியாதவன் பழக்க வழக்கம் தெரியாதவன்.

இதை மரியாதை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். வெறும் கோழைத்தனம் என்று நான் கண்டுபிடிக்க இருபத்தைந்து வயதானது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மா வாழ்நாளில் பாதியைத் தீப்பெட்டி ஆபீசில் கழித்தவள். பெட்டியின் மேல் இருக்கும் எழுத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. நான் கோவில்பட்டியில் தமிழ் முதுகலை முடித்து, ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பழைய பாட்டில் வரும் தோழி நண்டைப் பற்றியும் நாரையைப் பற்றியும்தான் பேசுவாள். உண்மையில் அவள் திட்டுவது தலைவனை. இதை விளக்கிச் சொல்வது என் பிழைப்பு. ஒரு மாணவி எழுந்து, "நேராவே திட்டிரலாமே மிஸ்?" என்று கேட்டாள். அதிலுள்ள அழகைப் பற்றி ஏதோ சொல்லி உட்கார வைத்தேன். அவள் கேட்டதுதான் சரி என்பது எனக்கு ஆவணி மாதம் முடியும்போது தெரிந்தது.

எங்கள் புஞ்சை ஊருக்கு மேற்கே, தார் ரோட்டிலிருந்து இரண்டு நிலம் தள்ளி இருக்கிறது. அந்த இரண்டு நிலத்தின் ஓரமாக ஒரு வண்டிப்பாதை. பத்திரத்தில் எதுவும் கிடையாது; காலங்காலமாகப் போய் வந்த தடம், அவ்வளவுதான். மறுபக்கம் ஓடை. அதில் மனிதர் இறங்கி ஏறலாம், டிராக்டர் இறங்காது. அந்த இரண்டு நிலத்தையும் வைத்திருந்த குடும்பம் விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட, டவுனில் மூன்று தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் வாங்கினார். அடுத்து எங்கள் நிலம்தான் அவர் கண்ணில் இருந்தது. விலைக்கு வேண்டும் என்று அவர் கேட்டாரா என்றால் இல்லை. அவருடைய கணக்கப்பிள்ளை ஒருநாள் அப்பாவிடம், "ஒங்களுக்கும் வயசாகுது, பிள்ளையும் கட்டிக் கொடுத்தா டவுன் பக்கம் போயிரும்" என்று கவலைப்பட்டுவிட்டுப் போனார். அதுதான் கேட்கிற விதம். அப்பா, "ஆமா, என்ன செய்ய" என்றார். அதுதான் மறுக்கிற விதம். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசிப் பிரிந்தார்கள்.

கரிசலில் மழைக்கு முன்பே விதைத்துவிட வேண்டும். புரட்டாசியில் காய்ந்த புழுதிக்குள் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் எங்கள் விவசாயம். மழை விழுந்துவிட்டால் மண் களியாகி டிராக்டரின் சக்கரத்தை விடாது. ஊரில் இருக்கும் டிராக்டரோ ஒன்று. முறை வைத்து ஒவ்வொருவர் நிலமாகப் போகும். முறையைத் தவறவிட்டால் அந்த வருடம் நிலம் தரிசு.

ஒருநாள் காலையில் புஞ்சையைப் பார்க்கப் போன அப்பா பாதி வழியில் திரும்பி வந்தார். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"பாதையில முள்ளு கெடக்கு" என்றார்.

"எடுத்துப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான?"

"அது சும்மா வந்து விழுந்த முள்ளு இல்லட்டி. வெட்டுன பக்கம் நம்மளப் பாத்துக் கெடக்கு."

நான் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு முள்கிளை, உடைமரத்தில் வெட்டியது. வேலி இல்லை, பலகை இல்லை. ஓர் ஆட்டுக்குட்டி தாண்டிவிடும். ஆறடி உயரமுள்ள என் அப்பா அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டுக்குப் போனோம். நான் வரவேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை. "ஒனக்குப் பள்ளிக்கூட வேலை கெடக்குமே" என்றார். எனக்குக் காது கேட்காததுபோல் பஸ் ஏறிவிட்டேன்.

முதலாளிக்கு மலர்ந்த முகம். "வாங்க சம்சாரி, வாங்க. ஏ, காப்பி கொண்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். விவசாயி என்றால் எங்கள் பக்கம் சம்சாரி. ஒரு தட்டில் காராச்சேவு வந்தது. அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மழை வருமா என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். காப்பி ஆறிப்போன பிறகு அப்பா மெதுவாக, "அந்த வண்டிப்பாதை விசயமா" என்று இழுத்தார்.

"பாதையா? அது ஒங்க பாதைதான சம்சாரி. அதுக்கென்ன, பாப்போம்."

"அப்ப டிராக்டர் விடலாமா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன்.

முதலாளி என்று கூப்பிடாமல் அண்ணாச்சி என்று நான் கூப்பிட்டதில் அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம்தான் கேட்டார்.

"பிள்ளை என்ன படிச்சிருக்கு?"

"எம்.ஏ. முதலாளி."

"நல்லது. படிக்கட்டும். வெடுக்குன்னு பேசுற பிள்ளையா இருக்கும்போல." சிரித்தார். அப்பாவும் சிரித்தார். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்து டம்ளர்களை எடுத்துப் போனாள். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

பஸ்ஸில் அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "முடியாதுன்னுட்டாரு."

"எப்பச் சொன்னாவ?"

"பாப்போம்னாருல்லா. எம்.ஏ. படிச்சும் ஒனக்கு வெளங்கலியே."

எனக்கு விளங்கியிருந்தது. எனக்கு விளங்காதது அடுத்த நாள் அப்பா செய்த காரியம். டிராக்டர்காரரிடம் போய்த் தன்னுடைய முறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். டிராக்டர் பாதை முனையில் வந்து நின்றால் முதலாளி வாயைத் திறந்து மறுக்க வேண்டியிருக்குமாம். அந்தச் சங்கடத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாதாம்.

"பெரிய மனுசன். அவிய மனசு என்ன பாடுபடும்" என்றாள் அம்மா.

நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். நிலம் எங்களுடையது, தரிசாகப் போவது எங்கள் வருடம், பாடுபடுவது அவர் மனது. இப்படி ஓர் இரக்கத்தை இந்த ஊரைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் என்னதான் செய்திருக்கிறார்? ஒரு கிளையை வெட்டிப் போடச் சொல்லியிருக்கிறார். ஒரு டம்ளர் காப்பி கொடுத்திருக்கிறார். மிச்சத்தையெல்லாம் நாங்களே செய்துகொண்டோம். முள்ளைக் கண்டு திரும்பியது நாங்கள், முறையை விட்டுக்கொடுத்தது நாங்கள், நாளைக்கு விதைக்க முடியவில்லை என்று நிலத்தை விற்கப் போவதும் நாங்கள். குறிப்பால் பேசுகிறவருக்குப் புரிந்துகொள்ள எதிரில் ஓர் ஆள் வேண்டும். அப்பா அதில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பின்வாங்கியே வந்திருக்கிறார். நான் புரியாத ஆளாக இருந்துவிட்டால் என்ன?

முதலில் டிராக்டர்காரரிடம் போனேன்.

"ஒங்கப்பா முறை வேண்டாம்னுட்டாரே தாயி" என்றார்.

"வேண்டாம்னு சொன்னாவளா?"

அவர் யோசித்தார். "இல்ல. 'பெறவு பாத்துக்கிடலாம்'னாரு."

"அந்தப் பெறவு வெள்ளிக்கிழமை. காலையில வந்துருங்க."

பிறகு கணக்கப்பிள்ளைக்கு ஃபோன் செய்தேன். "அண்ணாச்சி, பாதை ஒங்க பாதைதான்னு முதலாளி சொன்னதுல எங்களுக்கு ரொம்ப சந்தோசம். வெள்ளிக்கிழமை வெதைக்கோம். அவிய கிட்டச் சொல்லிருங்க."

"அப்படியா சொன்னாவ?" அவர் குரல் இறங்கியது.

"நான் பக்கத்துலதான இருந்தேன். அப்படி இல்லன்னா முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. நாங்க பேசாம இருந்துக்கிடுதோம்."

"சேச்சே, அவிய அப்படியெல்லாம் சொல்லுத ஆளு இல்லம்மா."

"எனக்கும் தெரியும்" என்று வைத்தேன்.

டீக்கடையில் நின்று, முதலாளி பாதையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். பெரிய மனசு என்றும் சேர்த்துக்கொண்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "அவரு கை இம்புட்டு நீளுமா?" என்றார். பெஞ்சிலிருந்த ஒருவர், "வாங்கத்தான் நீளும்னு நெனச்சோம்" என்றார். சிரித்தார்கள். ஆனாலும் மறுநாள் காலைக்குள் ஊர் அவரைப் பாராட்டத் தொடங்கியிருந்தது. யாரோ ஃபோன் செய்தே பாராட்டிவிட்டார்களாம். எங்கள் ஆட்களுக்குப் பாராட்டுவதற்கு ஒரு முதலாளி கிடைத்தால் போதும். காரணம் அவர்களே தேடிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டேன். அப்பா ஏறவில்லை. உளுந்து விதைச் சாக்கையும் டிராக்டரில் வைக்கவிடவில்லை.

பாதை முனையில் இப்போது மூன்று கிளைகள் கிடந்தன. என் ஃபோனுக்கு வந்த பதில் அது. அப்போதும் வாய் திறக்கவில்லை, முள்ளைத்தான் கூட்டியிருக்கிறார். டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது போட்டுக் கெடக்கு தாயி" என்றார்.

"விழுந்து கெடக்கு" என்று சொல்லி இறங்கினேன்.

முள்ளை இழுப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். எனக்கு அது இல்லை. இரண்டாவது கிளையில் உள்ளங்கை கிழிந்தது. மூன்றாவதை இழுக்கும்போது கணக்கப்பிள்ளை ஸ்கூட்டரில் வந்து நின்றார். டீக்கடை பெஞ்சிலிருந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"முள்ளு கெடந்துச்சேம்மா" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஆமா அண்ணாச்சி. காத்துக்கு வந்து அடைஞ்சிருக்கு. முதலாளி விட்டுக் கொடுத்த பாதையில இப்படிக் கெடந்தா அவியளுக்குல்லா கேவலம்?"

அது வெட்டிப் போட்ட முள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். ஒருவர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். கணக்கப்பிள்ளை நாலடி தள்ளிப் போய் ஃபோனில் முணுமுணுத்தார். பிறகு வந்து ஃபோனை என்னிடம் நீட்டினார். நான் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"என்னம்மா, வெதைப்பா?" என்றது முதலாளியின் குரல். அதே இனிப்பு.

"ஆமா அண்ணாச்சி. ஒங்களுக்கு வேண்டாம்னா இப்பச் சொல்லுங்க. ஊர் ஆளுக எல்லாரும் இங்கனதான் நிக்காவ. டிராக்டரத் திருப்பிருதோம்."

ஃபோனில் அவர் ஆபீஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வார்த்தை. அவருடைய நிலம், அவருடைய பத்திரம், சட்டமும் அவர் பக்கம்தான் இருந்திருக்கும். அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் டிராக்டரைத் திருப்பியிருப்பேன், அவரைக் கொஞ்சம் மதித்தும் இருப்பேன்.

"வெதைங்க, வெதைங்க. மழைக்கு முன்னால முடிச்சிருங்க" என்றார்.

அவ்வளவுதான். மூன்று ஆபீசுக்கு முதலாளி.

டிராக்டர் உள்ளே போனது. நான் முன்னால் நடந்தேன். புஞ்சைக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா அங்கே நின்றிருந்தார். முழங்கால் வரை ஓடை மண். விதைச் சாக்கைத் தலையில் வைத்து ஓடைக்குள் இறங்கி, மறுகரையைப் பிடித்து ஏறி வந்திருக்கிறார். திறந்து கிடந்த பாதையில் அவர் கால் வைக்கவில்லை.

உச்சி வெயிலுக்குள் விதைப்பு முடிந்தது. நான் கிழிந்த கையைத் தண்ணீர்ப் பாட்டிலில் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா காலிச் சாக்கை நாலாக மடித்தார்.

"செயிச்சுட்ட" என்றார். "இனி அந்த மனுசன் மூஞ்சில நான் எப்படிட்டி முழிக்க?"

"நேராப் பாத்து முழிங்க. அவியதான் தலையக் குனியணும்."

"அவரு மரியாதையா மறுத்தாரு. நானும் மரியாதையா விட்டேன். நீ நடுவுல வந்து ரெண்டு பேரையும் அம்மணமாக்கிட்ட."

அதற்குப் பதில் இருந்தது. வருடம் முழுக்கச் சோறு போடும் நிலத்தைவிடப் பெரிய மரியாதையா அது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார்.

"ஏப்பா, பாதை இங்கன இருக்கு" என்று கூப்பிட்டேன்.

திரும்பவில்லை. கரையில் இறங்கும்போது முதலில் இடுப்பு மறைந்தது, பிறகு தோள், கடைசியாகச் சாக்கு. அவர் எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல், முள் கூடப் போடாமல், முதலாளியைவிடத் தெளிவாக முடியாது என்று சொன்னார். எனக்கு முழுதாகப் புரிந்தது.

சொல்லட்டும். வாயைத் திறந்து சொல்கிற வரைக்கும் நான் எதையும் கேட்டதாக வைத்துக்கொள்ளப் போவதில்லை. டிராக்டர் போட்ட தடத்திலேயே நடந்து ரோட்டுக்கு வந்தேன்.