காய்ந்த புல்லில் நிறுத்தாதவள்

வேனை நிறுத்துமுன் ரேணுகாதேவி சன்னல் வழியே தலையை நீட்டித் தரையைப் பார்க்கிறாள். காய்ந்த புல் ஒரு பிடி தெரிந்தாலும் போதும், வண்டி இன்னும் கொஞ்சம் உருண்டு வெறும் மண்ணில்தான் நிற்கும். நரிக்குடிப் பக்கத்து ஊர்களிலிருந்து நூல் மில்லுக்குப் போகும் பெண்கள் பின்னாலேயே நடந்து வந்து ஏறுகிறார்கள். முன்பென்றால் முனகியிருப்பார்கள்.

நாற்பதை நெருங்குகிறவள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. வண்டியில் பாட்டுப் போட விடமாட்டாள். "இஞ்சின் பேசுறது கேக்கணும்ல" என்பாள்.

போன கோடையில் அவள் ஓட்டிய பழைய பெட்ரோல் வேனில், இஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அருப்புக்கோட்டை மெக்கானிக் ஸ்டீபன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். நாலு சிலிண்டரும் மாறி மாறி விடும் புகையைக் குழாயிலுள்ள சென்சார் மோந்துகொண்டே இருக்குமாம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த அளவு ஒரே சிலிண்டரின் முறை வரும்போது துள்ளினால், ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் கூடிப்போகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். "உள்ள எரியாதது கீழ சைலன்சர்ல போயி எரியும்க்கா. தணலாச் செவந்துரும்" என்றான்.

வேன் முதலாளி நவநீதகிருஷ்ணன், ரிப்பேரைப் பிறகு பார்க்கலாம், விளக்கை மட்டும் அணைத்துவிடு என்றார். ஸ்டீபன் அணைத்தான். அது மறுபடி எரிந்தபோது, இதில் ஆள் ஏற்றமாட்டேன் என்று ரேணுகாதேவி சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். இன்னொரு டிரைவர் கருத்தப்பாண்டி அதை எடுத்துக்கொண்டான். தன் வேலையைப் பிடுங்கியவன் என்ற ஆத்திரத்தில் அவனிடம் இவள் முகங்கொடுத்துப் பேசவே இல்லை.

ஒரு நாள் பெண்களை மில்லில் இறக்கிவிட்டுத் திரும்பியவன், திருச்சுழிச் சாலையில் கண்மாய்க்கரை நிழலில், காய்ந்த கோரையின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே கண்ணயர்ந்தான். அடியில் புல் பற்றிக்கொண்டது. ஆடு மேய்த்தவர்கள் ஓடி வருவதற்குள் வேனோடு அவனும் எரிந்துபோயிருந்தான்.

வேறு வேன் வந்ததும் முதலாளி இவளைத்தான் கூப்பிட்டார். போனாள். கருத்தப்பாண்டியின் மனைவி சந்தனம்மாளும் இப்போது மில்லுக்குப் போகிறாள், இதே வேனில், முன்சீட்டில். இருவருக்கும் பேச்சு இருந்ததில்லை.

நேற்றுக் காலை அந்தக் கண்மாயைக் கடந்ததும் சந்தனம்மாள் வாயைத் திறந்தாள்.

"அவுகட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல, ரேணுகா?"

ரேணுகாதேவி வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தாள். "சொல்லல" என்றாள். கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது, சாவிக்குப் போகவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

சந்தனம்மாள் அவள் மடிக்குக் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருகினாள்.