ஞானராஜ் வந்த வழி

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஏன் என்னைக் காணோம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காய்ச்சலா, ஊரில் இல்லையா என்று விசாரிப்பு வேறு. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன்... வரவில்லை. அவ்வளவுதான்.

என் கல்லூரி நண்பன் ஞானராஜ், மதுரையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறான். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போயின. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறான். அதில் ஏறிவிட்டால் மதுரையில் அவன் போகாத தெரு கிடையாது.

அவன் அக்கா ரூபியை மார்க்கையன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் கணவர் செல்லத்துரைக்கு அங்கே ஜவுளிக்கடை. ஞானராஜுக்கு அம்மா சீக்கிரமே போய்விட்டதால், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் இந்த அக்காதான். அவளே அப்போது பாவாடைச் சிறுமி.

அந்த அக்கா இறந்துவிட்டாள் என்று காலையில் அவனுக்குத் தந்தி. சாயங்காலம் அடக்கம்.

தேனியில் இருக்கிற எனக்கு ட்ரங்க் கால் போட்டான். "தேனி வரைக்கும் எப்படியாவது வந்துடறேன். அங்கேயிருந்து நீ கூட்டிட்டுப் போயிரு." அழவில்லை. அழுகையைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசுகிற குரல்.

மதுரையிலிருந்தே டாக்ஸி வைத்துக்கொண்டு வரலாமே என்பீர்கள். எல்லாருக்கும் கட்டுப்படியாகிற காரியமா அது?

பஸ்ஸில் அவனுடைய சைக்கிளைக் கூரையில் ஏற்ற கண்டக்டர் மறுத்துவிட்டார். வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா நேரம். மேலே பூராவும் மூட்டை முடிச்சு. "ஆளை ஏத்திக்கறேன், வண்டியை ஏத்த முடியாது" என்று தீர்ப்பு. சைக்கிளைத் தெரிந்த டீக்கடையில் விட்டுவிட்டு ஏறியிருக்கிறான். ஆளை ஏற்றிக்கொண்டு அவன் கால்களை இறக்கிவிடுவது என்றால் இதுதான்.

நான் போனபோது தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் அவனைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். 'வைத்திருந்தார்கள்' என்றுதான் எழுத வருகிறது. மடியில் ஒரு தோல் பை. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்க முடியாமல், பக்கத்தில் உள்ளவர்களைக் கேட்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

மார்க்கையன்கோட்டைப் பக்கம் போகிற சின்னமனூர் பஸ்களில் படிக்கட்டுவரை ஜனம். நான் ஓடிப்போய் டாக்ஸி ஸ்டாண்டில் காசியைப் பிடித்தேன். காசிக்கு முப்பது வயதிருக்கும். பழைய அம்பாசிடர், வாட்டசாட்டமான ஆள். விஷயத்தைக் கேட்டதும் பேரம் பேசாமல் கதவைத் திறந்தான்.

வழியில், வீரபாண்டிக்கு முன்னாலேயே, திருவிழாக் கூட்டத்துக்காக ரோட்டுக்குக் குறுக்கே கம்பு கட்டியிருந்தது.

"நேத்துவரைக்கும் விட்டாகளே" என்றான் காசி.

ஒரு கான்ஸ்டபிள் வந்தார். "இதுக்கு மேல வண்டி போகாது சார். அங்கன தோட்டத்துல நிறுத்திட்டு நடந்து போங்க."

"இவரால் நடக்க முடியாது. அக்கா இறந்துட்டாங்க, மார்க்கையன்கோட்டைக்குப் போகணும்" என்றேன்.

குனிந்து காருக்குள் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. முகம் கொஞ்சம் இளகத்தான் செய்தது. "பாத்தா தெரியுது சார். ஆனா பாஸ் இல்லாம விட்டா எனக்கு மெமோ குடுப்பாக. போடி போயி தேவாரம் வழியாச் சுத்திப் போயிருங்க."

"அங்கிட்டுச் சுத்திப் போய்ச் சேரயில பொழுது சாஞ்சிரும்ணே" என்று காசி என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்.

கம்புக்கு அந்தப் பக்கம் புளியமர நிழலில் இரண்டு ஜீப்புகள் நின்றிருந்தன. அவற்றில் வந்தவர்களுக்குக் கால்கள் நன்றாகவே இருந்திருக்கும். எங்களுக்குக் காட்டிய இடமோ உழுதுபோட்ட தோட்டம். கட்டி கட்டியாக மண். நல்ல காலுள்ளவனே தடுக்கி விழுகிற இடத்தில் 'கார்கள் நிற்குமிடம்' என்று ஒரு தட்டி.

காசி காரைத் தோட்டத்தில் விட்டான். திரும்பி வந்து ஞானராஜ் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "கழுத்தைக் கட்டிக்கங்கண்ணே. அந்தப் பக்கம் போயிட்டா ஏதாச்சும் வண்டி கெடைக்கும்."

ஞானராஜ் என்னைப் பார்த்தான். அவன் வயதில், அவன் படிப்பில், முன்பின் தெரியாத ஒருவன் முதுகில் ஏற வேண்டும். ஏறினான்.

சித்திரை வெயில். கொட்டுச் சத்தம். கூட்டம் எங்களை நகரவிடவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், யார் காதிலும் விழவில்லை. "ஏலே, தள்ளாத" என்று ஒருவர் திட்டினார். ஞானராஜின் செருப்பில்லாத பாதங்கள் போகிறவர் வருகிறவர்மேல் இடித்துக்கொண்டே வந்தன. ஒவ்வொரு இடிக்கும் அவன் "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். யாரிடம், எதற்கு?

அப்போது அக்னிச்சட்டி எடுத்து வந்த ஒரு குடும்பம் எங்களை ஒட்டி வந்தது. சட்டிக்காரருக்கு மட்டும் கூட்டம் தானாக விலகியது. அவர்களோடு வந்த மஞ்சள் சேலைக்காரப் பெண்மணி ஞானராஜைப் பார்த்துவிட்டு, "நேத்திக்கடனாப்பா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் காசி சொல்லிவிட்டான். "ஆமாத்தா. நேத்திக்கடன்தேன்."

அந்தப் பெண்மணி ஒரு வேப்பங்கொத்தை ஞானராஜ் கையில் திணித்தார். செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அள்ளி அவன் கால்களில் தெளித்தார். "தாயே, வழி விடுங்கப்பா, கால் வராத பிள்ளை ஆத்தாளைப் பாக்க வந்திருக்கு" என்று அவரே முன்னால் நடந்தார்.

கூட்டம் பிளந்தது. நம்புங்கள், அப்படியே பிளந்தது.

ஞானராஜ் சர்ச்சுக்குப் போகிறவன். அக்காவும்தான். "வேப்பங்கொத்தைக் கீழே போட்டுடவா?" என்று நான் காதோரம் கேட்டேன். "வேண்டாம். வழி கிடைக்குதுல்ல? அக்கா முகத்தைப் பாக்கணும்" என்றான். அந்தப் பெண்மணி பிரியும்போது அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அடுத்த வருசம் நடந்து வருவய்யா" என்றார்.

உண்மையான அன்பு. நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் நடந்து வரச் சொல்ல நம்மிடம் ஆள் இருக்கிறது. இந்த வருஷம் எப்படி வருவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தப் பக்கம் வாழைத்தார் ஏற்றச் சின்னமனூர் போகிற காலி லாரி ஒன்று அகப்பட்டது. டிரைவர் அக்கா சாவு என்றதும் மார்க்கையன்கோட்டை வரை வந்து விடுகிறேன் என்றார். காசியும் காரை அங்கேயே போட்டுவிட்டு ஏறிக்கொண்டான். லாரி கேபினுக்குள் ஒருவனைத் தூக்கி ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. ஞானராஜின் முழங்கை கதவுத் தகரத்தில் கிழிந்து ரத்தம் வந்தது. கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

செல்லத்துரை வீட்டு வாசலில் துணிப் பந்தல். பெஞ்சுகளில் ஆண்கள் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தரையைக் கழுவிவிடுகிற சத்தம் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. ஞானராஜுக்கும்.

செல்லத்துரை எழுந்து ஓடி வந்தார். அழுது வீங்கிய கண்கள். "நீ எப்படிய்யா வந்தே? யாரு கூட்டியாந்தா?"

"அக்கா?"

"இப்பத்தான்... அடக்கம் பண்ணிட்டு வந்து உக்காந்தோம். வெயிலு தாங்காதுன்னு சீக்கிரமே எடுத்துட்டோம். சர்ச் அய்யரு கேட்டாக, 'தம்பி மதுரையில இருக்காகளே, பாத்துட்டு எடுப்பமா'ன்னு. உன்னால வர ஏலாதுன்னு நாந்தேன் சொன்னேன். ஒரு மொறைக்குத்தான் தந்தி குடுத்தது. நீ வருவேன்னு யாருய்யா நெனச்சா?"

ஞானராஜ் காசியின் முதுகில் இருந்தபடியே கேட்டான். கோபமில்லாமல் கேட்டான். "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே அத்தான்?"

செல்லத்துரை மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவரை மட்டும் சொல்லி என்ன? பந்தலில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்பது அவர்கள் பார்வையிலேயே தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஈரம் காயாத மண். மேலே இரண்டு மாலைகள். கொஞ்சம் தள்ளியே இறக்கிவிடச் சொன்னான் ஞானராஜ். மிச்ச தூரத்தைக் கைகளை ஊன்றித் தானே தவழ்ந்து போனான். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். தூக்கப் போன காசியை நான் பிடித்து நிறுத்தினேன்.

மண்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு என்னிடம் சொன்னான்: "எங்கே போகணும்னாலும் என்னைத் தூக்கிட்டுப் போனவடா. இவளைத் தூக்கிட்டுப் போறப்ப பின்னாடி ஒரு ஆளா வரமுடியல எனக்கு."

அப்போதுதான் அழுதான்.

மறுநாள் காசி போய்க் காரை எடுத்து வர, போடி வழியாகச் சுற்றிக்கொண்டு தேனிக்கு வந்து அவனை மதுரை பஸ் ஏற்றிவிட்டேன். ஏற்றினார்கள், உட்கார வைத்தார்கள், ஜன்னல் வழியாகக் கையசைத்தான்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை ஓர் ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். நல்ல அதிகாரி, என் பத்தியைப் படிக்கிறவர். திருவிழாக் காலத்தில் நடக்க முடியாதவர்கள் வரும் வண்டியைக் கம்பைத் தாண்டி விடுவது, அதை நிறுத்த மேடு பள்ளமில்லாத ஓர் இடம், பஸ்ஸில் அவர்கள் சைக்கிளை ஏற்ற ஓர் உத்தரவு... இந்த வசதிகளைச் செய்து தரக் கூடாதா என்று கேட்டேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காபி வரவழைத்தார். பிறகு உண்மையான ஆச்சரியத்தோடு சொன்னார்: "அப்படிப்பட்டவங்க யாரும் இந்தப் பக்கம் வர்றதே இல்லையே சார்."

அவர்கள் வராமல் இருப்பதுதான் நமக்கு எவ்வளவு வசதி, பாருங்கள்.