சிநேகிதன் என்று சொன்னேன்

இதை எழுதலாமா என்று பல வருடம் யோசித்தேன். கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிற குடும்பம், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், சனம் என்ன கதைக்குமோ என்ற பயம். இந்தத் தவக்காலத்தில்தான் துணிவு வந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் சுவிஸில், டீட்டிகோனில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலையிடத்து ஜெர்மன் மட்டும்தான் தெரியும். டொக்டரிடமானாலும் வீட்டுச் சொந்தக்காரரிடமானாலும் நான்தான் மொழிபெயர்ப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எங்களோடு இருந்த சித்தப்பாவுக்கு மன்னாரில் பெண் பேசி, கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கவும் நாள் கேட்டாயிற்று. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால், சித்தப்பா ஒரு சுவிஸ்காரரைக் கூட்டிவந்து மேசையில் இருத்தியிருந்தார். தன் வாயால் சொல்ல முடியாததை அவர் ஜெர்மனில் சொல்லட்டும், பிள்ளை தமிழில் சொல்லிவிடும் என்று நினைத்திருப்பார் போலும்.

அந்த மனிதர் காது சிவக்க, "நான் இவருடைய ஃப்ருண்ட்" என்றார்.

"சித்தப்பான்ர சிநேகிதனாம்," என்றேன்.

அம்மாவுக்குச் சந்தோசம். "நல்லதாப் போச்சு! கலியாணத்துக்கு இவரே மாப்பிள்ளைத் தோழனா நிக்கட்டும்."

"வேட்டி இடுப்பில நிக்குமோ எண்டு கேள் பிள்ளை," என்று அப்பா சிரித்தார்.

நான் ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். அந்த மனிதர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணி, சோத்தைப் போடுங்கோ," என்றார்.

சாப்பிட்டு வெளிக்கிடும்போது சித்தப்பா படியில் நின்று என்னிடம் கேட்டார்: "பிள்ளை, அந்தச் சொல்லுக்குத் தமிழில வேற ஒண்டும் இல்லையோ?"

"நண்பன் இருக்கு சித்தப்பா. தோழனும் இருக்கு."

"ஓம், இருக்கு," என்றார். இருவரும் சேர்ந்து இறங்கிப் போனார்கள்.

அடுத்த கிழமை ஜெனீவாவிலிருந்து தொலைபேசி எடுத்து, கலியாணம் வேண்டாம், இனி வரமாட்டேன் என்றார். அம்மா அழுதார். அப்பா ரிசீவரை வாங்கவில்லை. என் தமிழ் பிழைத்ததில்தான் சித்தப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஃப்ருண்ட் என்ற சொல் ஜெர்மனில் காதலனையும் குறிக்கும் என்பது பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில்தான் பிடிபட்டது.

கோயில் என்ன போதிக்கிறதென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் செபமாலையில் இருவரையும் சேர்த்தே ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கிறேன்.

ஆரும் கேட்டால், வேலை கிடைத்துத் தனியாகப் போய்விட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லுவார்கள். வாசிக்கிற நீங்கள் இதை மற்றவர்களுக்குச் சொன்னால் அப்படி மாற்றிச் சொல்லாதீர்கள். அவர் தனியாகப் போகவில்லை.