இரண்டாந்தரம் கொடுத்தவள்

நாகபூசணி லண்டனில் இரண்டு மாடி பஸ் ஓட்டுகிறாள் என்பதை அவளுடைய தம்பி றஜீவன் யாரிடமும் சொல்வதில்லை. அவன் கணக்காளன். நகரத்துக்குள் கண்ணாடிக் கட்டடமொன்றில் வேலை, செவன் கிங்ஸில் சொந்த வீடு. அக்காவைப் பற்றி யாராவது விசாரித்தால், "ட்ரான்ஸ்போர்ட்டில இருக்கிறா" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவான்.

2003இல் வயதுக்கு வந்த அவனுடைய மகளின் சாமத்தியச் சடங்கு இல்ஃபோர்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வேலையிடத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களிடம் றஜீவன் அக்காவை "ட்ரான்ஸ்போர்ட் ஒஃபிசர்" என்று அறிமுகம் செய்தான். நாகபூசணி விடவில்லை. "ஒஃபிசர் இல்லை, நான் பஸ் ட்ரைவர். மழைக்கு நனைஞ்சுகொண்டு நிண்டா கையைக் காட்டுங்கோ, நிப்பாட்டுவன்" என்று இங்கிலீஷிலும் தமிழிலும் கலந்து சொன்னாள். வந்தவர்கள் சிரித்தார்கள். றஜீவன் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு கார்கள் நிற்குமிடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"ஆக்களுக்கு முன்னால என்னை வெட்கப்படுத்தினாத்தான் உனக்கு மனம் ஆறுமோ?"

"நீ வெட்கப்பட நான் என்ன களவெடுத்தனானோ?"

அன்றோடு இருவரும் கதைப்பதை விட்டார்கள். ஒரே ஊரில், ஒரே கோயிலுக்குப் போய்க்கொண்டு, ஒருவர் வரும் வழியில் மற்றவர் போகாமல் காலம் போனது.

2005இல், குளிர் தொடங்கிய நாளொன்றில், றஜீவனின் மனைவி அஜந்தா நாகபூசணியின் பஸ்ஸில் ஏறினாள். அவளிடம் கார் இருந்தது. அவள் பஸ்ஸில் ஏறுகிற ஆளே இல்லை. இருக்கை இருந்தும் அவள் உட்காரவில்லை. ட்ரைவரின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நாகபூசணி ஓரக்கண்ணால் பார்த்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. ஓட்டும்போது கதைக்கக் கூடாது. பஸ் கடைசித் தரிப்பில் போய் நின்று, ஆட்கள் எல்லாரும் இறங்கிய பிறகு நாகபூசணி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"என்னடி, ஆருக்கு என்ன?"

"அவருக்கு லூக்கீமியா, மச்சாள். ரத்தப் புற்றுநோய். உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டவர். நான்தான் களவா வந்தனான்."

மருந்து ஏற்றி நோயை அடக்கியிருக்கிறார்கள், ஆனால் அது திரும்பி வரும், வராமலிருக்க வேறொருவரின் எலும்பு மச்சையை ஏற்ற வேண்டும் என்று அஜந்தா சொன்னாள். பதிவேடுகளில் தேடினார்களாம். நம் ஆட்கள் பதிந்திருப்பதே குறைவு, பொருத்தமாக ஒருவரும் இல்லை. கூடப்பிறந்தவர்களில் நாலு பேரைப் பார்த்தால் ஒருவருக்குப் பொருந்தலாம். றஜீவனுக்குக் கூடப்பிறந்தது நாகபூசணி மட்டுந்தான்.

"எங்க வரவேணும்?" என்றுதான் நாகபூசணி கேட்டாள்.

அடுத்த நாளே போய் இரத்தம் கொடுத்தாள். முழுப் பொருத்தம் என்று முடிவு வந்தது. ஆஸ்பத்திரி அறைக்குள் அவள் நுழைந்தபோது றஜீவன் கட்டிலில் இருந்தான். தலையில் மயிரில்லை, இமையில் மயிரில்லை. அவனுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. பார்க்க ஒரேயடியாகக் கிழவன் போலவும் குழந்தை போலவும் இருந்தான்.

"உன்னிட்ட வரக்கூடாதெண்டுதான் இருந்தனான்" என்றான்.

"தெரியும். இப்ப வந்தாச்சு. கதையை விடு."

மயக்க மருந்து கொடுத்து அவளுடைய இடுப்பெலும்பில் ஊசி குத்தி மச்சையை எடுத்தார்கள். விழித்தபோது யாரோ முதுகில் ஏறி மிதித்ததுபோல் வலி. அன்று பின்னேரமே அது ஒரு பையில் கடுஞ்சிவப்பாகத் தொங்கி, குழாய் வழியாகத் தம்பியின் நெஞ்சுக்குள் இறங்கியது. அஜந்தாவின் தாய் பாலாம்பிகை பையைப் பார்த்துக் கைகூப்பினார்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. வெள்ளணுக்கள் ஏறின. றஜீவன் கொஞ்சம் கஞ்சி குடித்தான். நாகபூசணி வேலைக்குத் திரும்பினாள். பிறகு எண்ணிக்கை நின்றது. பிறகு இறங்கியது. அவனுடைய இரத்தத்தில் அக்காவின் பங்கு எவ்வளவு என்று சோதித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு சோதனையிலும் அது குறைந்தது. கடைசியில் ஒன்றுமே இல்லாமற் போயிற்று.

பெரிய டொக்டர், ஸ்கொட்லாந்துக்காரி, நரைத்த கட்டைத் தலைமயிர், எல்லாரையும் ஓர் அறையில் இருத்திச் சொன்னார். றஜீவனுக்கு இடையில் நுரையீரலில் கிருமி பிடித்திருந்ததால், மச்சை ஏற்றுவதற்கு முன் கொடுக்கும் கடும் மருந்தை முழு அளவில் கொடுக்க முடியவில்லை. அதனால் அவனுடைய பழைய எதிர்ப்பு அணுக்களில் கொஞ்சம் தப்பிக் கிடந்தன. ஏற்கெனவே பலருடைய இரத்தத்தை ஏற்றி ஏற்றி அந்த அணுக்கள் அந்நியமான எதையும் கண்டால் பாய்வதற்குப் பழகியிருந்தன. அவைதான் அக்காவின் மச்சையைத் தேடித் தேடி அழித்துவிட்டன.

"என்ர மச்சையில ஏதும் பிழையோ?" என்று நாகபூசணி கேட்டாள்.

இல்லை, உங்களிலும் பிழையில்லை, அவரிலும் பிழையில்லை என்றார் டொக்டர்.

வெளியே நடைபாதையில் பாலாம்பிகை அழுதபடி சொன்னார்: "ரெண்டு பேரும் மனசில வன்மத்தை வச்சுக்கொண்டு இருந்தனியள். மனம் ஒட்டாத இடத்தில ரத்தம் எப்பிடி ஒட்டும், பிள்ளை?"

அஜந்தா நிலத்தைப் பார்த்தாள். தாயைத் தடுக்கவில்லை. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்பது நாகபூசணிக்கு விளங்கிற்று. அதைவிட மோசம், ஒரு கணம் அவளுக்கே அப்படித் தோன்றியது. கார்கள் நிற்குமிடத்தில் கத்திய கத்தல் காதுக்குள் கேட்டது. அந்த எண்ணத்தை அவள் வாய்க்குள் வந்த புளிச்சலைப் போலத் துப்பினாள்.

"மாமி, டொக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே. மருந்து போதாமப் போச்சு. அவ்வளவுதான். அவனும் நானும் சண்டை பிடிச்சது எங்கட வாயால. எலும்புக்குள்ள ஒரு சண்டையும் இல்லை. இனி இந்தக் கதையை அவன்ர காதில போட்டியளெண்டால் நான் பொல்லாதவள்."

பாலாம்பிகை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எட்டப் போனார்.

இரண்டாந்தரம் ஏற்றலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இம்முறை வேறு மருந்து, கடுமையான மருந்து. தப்பினால் நோய் போகலாம். மருந்தே ஆளைக் கொண்டுபோகவும் கூடும். தப்பாமற் போகத்தான் சாத்தியம் அதிகம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால், மச்சை செத்துப்போன உடம்பை ஒரு சாதாரணத் தடிமன் காய்ச்சலே முடித்துவிடும்.

வீட்டில் நாகபூசணியின் கணவன் செல்வரத்தினம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிற, அதிகம் பேசாத மனிதர்.

"நீர் ஒருக்காக் குடுத்தாச்சு. காணும். உம்மை ஒரு ஆளா மதிக்காதவங்களுக்கு இன்னும் என்னத்தைக் குடுக்கப் போறீர்? உமக்கும் ஒரு உடம்பு இருக்கெல்லோ?"

"இருக்கிறபடியாத்தானே குடுக்க ஏலுது."

"அவன் கேட்டவனோ?"

அவன் கேட்கவில்லை. அதுதான் சங்கடம். றஜீவன் இனி ஒன்றும் வேண்டாம் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டான். நாகபூசணி வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"காணும், அக்கா. என்ர உடம்பே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுது."

"உன்ர உடம்பு உன்னைக் கேட்டே சொன்னது?"

"விசர்க் கதை கதைக்காத."

"நீதான் விசர்க் கதை கதைக்கிறாய். உன்னைத்தானே உடம்பு கொல்லப் பாக்குது, அதின்ர சொல்லை என்னத்துக்குக் கேக்கிறாய்? ரெண்டு வருசம் நீ என்னை வேண்டாமெண்டனி. நான் செத்தே போனன்? பஸ்ஸை ஓட்டிக்கொண்டுதான் திரிஞ்சனான். இப்ப உன்ர ரத்தத்தில நாலு அணு வேண்டாமெண்டு சொன்னவுடன நான் பயந்து ஓடுவனெண்டு நினைச்சியோ?"

அவன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கோபந்தான் முந்தியது.

"சாகப் போறது நான். நீயில்லை."

"ஓம், நீதான். அதாலதான் முடிவும் உன்ரது. ஆனா களைச்சுப் போய்ச் சொல்லுற முடிவை நான் ஏற்க மாட்டன். இண்டைக்குச் சாப்பிட்டுப்போட்டு நித்திரை கொள். நாளைக்குச் சொல்லு."

அடுத்த நாள் அவன் "சரி" என்றான்.

இம்முறை இடுப்பில் குத்தவில்லை. சில நாட்கள் தொடர்ந்து வயிற்றில் ஊசி போட்டு, அவளுடைய மச்சையிலிருக்கும் மூல அணுக்களை இரத்தத்துக்குள் வரப்பண்ணினார்கள். எலும்பெல்லாம் உள்ளுக்குள்ளிருந்து பிளக்கிறமாதிரி வலித்தது. பஸ் ஓட்ட முடியவில்லை. படுக்க முடியவில்லை. செல்வரத்தினம் சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பி நிரப்பிக் கொண்டுவந்து அவளுடைய முதுகுக்குக் கீழே வைத்தார்.

பிறகு ஓர் இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஒரு கையால் இரத்தம் வெளியே போய், வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மறுகையால் உள்ளே வந்தது. மணிக்கணக்காக இரண்டு கையையும் அசைக்கக் கூடாது. அஜந்தா கணவனோடு நின்றதால் துணைக்குப் பாலாம்பிகைதான் வந்து உட்கார்ந்திருந்தார். நாகபூசணிக்கு மூக்கு அரித்தது. பொறுத்தாள், பல்லைக் கடித்தாள். கடைசியில் முடியவில்லை.

"மாமி, மூக்கை ஒருக்காச் சொறிஞ்சு விடுங்கோ."

பாலாம்பிகை எழுந்து வந்து, மிகவும் கவனமாக, சுட்டுவிரல் நகத்தால் சொறிந்தார்.

"இதிலயோ?"

"இன்னும் கொஞ்சம் மேல."

அதற்குப் பிறகு அவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவருடைய வாயில் வரவில்லை. நாகபூசணி எதிர்பார்க்கவுமில்லை.

றஜீவன் அந்தக் கடும் மருந்தில் செத்துப் பிழைத்தான். சில நாட்கள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. நாகபூசணி வேலைக்குப் போனாள், வேலை முடிய ஆஸ்பத்திரிக்குப் போனாள், கண்ணாடிக்கு வெளியே நின்று அவனைத் திட்டினாள். "விடாதை, எடேய்" என்று அவள் சத்தம் போட்டதைக் கேட்டுத் தாதி ஒருத்தி அவளை மெதுவாக நாற்காலியில் கொண்டுபோய் இருத்தினாள்.

வெள்ளணுக்கள் ஏறின. இம்முறை நின்றன. இளவேனில் பிறந்தபோது டொக்டர் சோதனை முடிவோடு வந்தார். அவனுடைய இரத்தம் முழுவதும் இப்போது அக்காவுடையது. அணுக்களைப் பார்த்தால் ஒரு பெண்ணின் இரத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பொம்பிளை ரத்தமாம்" என்றான் றஜீவன், நம்ப முடியாதவனாக.

"அதுவும் பஸ் ட்ரைவரின்ர" என்றாள் நாகபூசணி.

அவன் சிரித்தான். உதடு வெடித்து இரத்தம் வந்தது. சிரிப்பை அவன் நிறுத்தவில்லை.

இதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல முடியாது. முதலில் அவனுடைய உடம்பு அவளுடையதை எதிர்த்தது. இப்போது அவளுடைய அணுக்கள் அவனுடைய உடம்பை எதிர்க்கத் தொடங்கின. தோல் சிவந்து உரிந்தது, வாய் புண்ணாயிற்று, கண்ணில் நீர் வற்றிப்போய் மருந்துத் துளி இல்லாமல் இமைக்க ஏலாது. மருந்துகளால் முகம் ஊதிற்று. கண்ணாடிக் கட்டடத்து வேலை போயிற்று. பிற்பாடு வீட்டிலிருந்து சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்தான். நல்ல நாட்களும் வந்தன, மோசமான நாட்களும் வந்தன. மோசமான நாட்களில் தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டு, "உன்ர ஆக்கள் இண்டைக்கும் எனக்கு அடிக்கினம்" என்பான். "மிச்சம் மீதியாக் கிடக்கிற புற்றுநோயையும் அவைதான் அடிக்கினம். கொஞ்சம் பொறு" என்பாள் அவள். டொக்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். நோய் திரும்பி வரவில்லை.

2008இல் கோயில் மண்டபத்தில் மச்சை கொடுப்போரைப் பதியும் முகாமொன்றை நாகபூசணி வைப்பித்தாள். நிர்வாகசபை முதலில் இடம் தரவில்லை. திருவிழாக் காலத்தில் இரத்தம், புற்றுநோய் என்ற கதையெல்லாம் வேண்டாம் என்றார்கள். கூட்டத்துக்குப் போய், பதில் சொல்லும்வரை எழும்ப மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு சம்மதித்தார்கள்.

அன்று வந்தவர்கள் குறைவுதான். வாசலில் தயங்கி நின்ற ஒருவர், ஊசிக்குப் பயந்தவர், தப்பிக்கச் சாட்டுத் தேடுகிறவர், அவளைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் குடுத்ததைத் தம்பியின்ர உடம்பு ஏற்கேல்லையாமே. பிறகென்னத்துக்கு?"

"ஓம், ஏற்கேல்லைத்தான். திரும்பவும் குடுத்தனான். அந்தா, உள்ளுக்க இருக்கிறான். இஞ்சால வாங்கோ, சேட்டுக் கையை மடியுங்கோ."

அவர் மண்டபத்துக்குள்ளே பார்த்தார். மேசைக்குப் பின்னால், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊதின முகத்தோடு றஜீவன் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான். அந்த மனிதர் கையை மடித்தார்.