நெத்திலி என் பக்கம்

போன வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு, மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் எனக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது நான் நூற்றுப் பதினெட்டு கிலோ. செனாயில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து காருக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். இனிப்பு நீர் நோயால் அப்பாவுக்கு ஒரு காலை எடுத்ததைப் பார்த்தவள் நான். எனக்கும் அதே நோய் என்றதும் ஆடிப்போய்விட்டேன்.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. தையல் போட்ட இடத்தில் கசியலாம், ரத்தம் கட்டலாம், முடி கொட்டும், ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை விழுங்க வேண்டும், முதல் சில வாரம் நீராகாரம்தான் என்றார். நானும் கணவரும் ஒரு மாதம் யோசித்தோம். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கூடப் பார்த்தோம். அந்தத் தாளில் ஞாயிற்றுக்கிழமையை எழுத மறந்துவிட்டோம்.

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அவர் வீடு திரும்பும்போது நான் தொழிற்சாலையில் மாலை ஷிப்டில் இருப்பேன். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிறு காலை மட்டும்தான். தேங்காய்ப்பால் சோற்றோடு காரச் சம்பல் வைத்த ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை நடுவில் பிரித்து வைப்போம். நெத்திலி என் பக்கம், முட்டை அவர் பக்கம். அது தீர்ந்ததும் இரண்டாவது பொட்டலம், சில நாள் மூன்றாவதும். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் அப்போதுதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குச் சின்னக் கிண்ணத்தில் வடிகட்டிய சூப். ஞாயிற்றுக்கிழமை அவரும் அதையே குடித்துவிட்டு, "பெட்ரோல் போட்டுட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். மனிதர் எனக்காகப் பத்தியம் இருக்கிறாரே என்று பெருமையாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு குப்பை போட வெளியே போனவள், தெருமுனை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். மோட்டார் சீட்டில் பொட்டலத்தை விரித்து, நின்றபடியே அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். நைட்டியோடு நேரே போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் கை அப்படியே நின்றது.

"உனக்கு ஆசை வந்துரக்கூடாதுன்னுதாம்மா" என்றார்.

நான் பொட்டலத்தைப் பார்த்தேன். நெத்திலியைத் தொடாமல் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தார். அந்த மூலையிலிருந்து ஒரு பிடி சோற்றை நெத்திலியோடு அள்ளி விழுங்கிவிட்டேன். அவர் தடுப்பதற்குள் அது உள்ளே போய்விட்டது.

ஐந்தே நிமிடத்தில் நெஞ்சுக்குக் கீழே கல்லை வைத்து அழுத்துவதுபோல் வலி. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அவர் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டே காரை ஓட்டினார். கசிவு என்று மருத்துவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, ஸ்கேனில் கசிவு இல்லை, சோறு அடைத்துக்கொண்டதுதான். தையல் இன்னும் ஆறவே இல்லை, இது என்ன விளையாட்டு என்று மருத்துவர் பிடி பிடியென்று பிடித்தார்.

காரில் ஏறியதும் அவர் அழுதுவிட்டார். "நான் தின்னதாலதானே" என்றார்.

"எனக்குச் சோறு வேணாங்க. நீங்க என் முன்னால உக்காந்து சாப்பிடுங்க, அது போதும்" என்றேன்.

இன்றைக்கு முப்பத்தைந்து கிலோ குறைந்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது, தலைமுடியும் பாதியாகிவிட்டது. ஞாயிறு காலையில் பழையபடி பொட்டலத்தை நடுவில் பிரிக்கிறோம். அவர் நெத்திலியை என் பக்கம் தள்ளுகிறார். நாலைந்தை மென்று முடிப்பதற்குள் எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

"சம்பல் இன்னிக்கு எப்படி?" என்று கேட்பேன்.

"காரம் பத்தலைலா" என்பார்.

இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கும் அந்தப் பழைய ஞாயிறு இனி எனக்கு வராது என்று தெரியும், ஆனாலும் ஒவ்வொரு வாரமும் அதற்காக ஏங்கிக்கொண்டுதான் அவர் எதிரில் வந்து உட்காருகிறேன்.